ரசமட்டம்

பகலெல்லாம் வால்டிவியாவின் ஆற்றங்கரைச் சந்தையில்
செத்த மீனை நிறுக்கிறேன்.
மெர்லூசா ஒன்றேகால் கிலோ. சியெர்ரா மூன்று.
சாயங்காலம் வரை தராசுத் தட்டு காய்வதில்லை.
படிக்கட்டுக்குக் கீழே கடற்சிங்கங்கள்
வெட்டிப்போடும் தலைகளுக்காகக்
கொட்டாவி விட்டபடி கிடக்கும்.

வீட்டில் உயிரோடு மீன் வேண்டுமென்று
நேலிதா கேட்டபோது சிரித்துவிட்டேன்.
பன்னிரண்டு நியான் டெட்ரா.
மொத்தமும் சேர்த்தால்
ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் கனம் இராது.

ஆனால் தண்ணீர்!
இத்தனை வருடத்தில்
தண்ணீரை நான் நிறுத்ததே இல்லை.
தட்டிலிருந்து வழித்துக் கொட்டுவதோடு சரி.
எண்பது லிட்டர், கண்ணாடி, கூழாங்கல், மூடி.
ஒரு ரசீதின் முதுகில் கூட்டிப் பார்த்தேன்:
நூற்றுப் பதினைந்து கிலோ.
தண்ணீருக்குத்தான் கால் செய்யப்போகிறேன்.
மீன்கள் சும்மா கூட வருகின்றன.

பாலத்துக்கு அப்பால் ஒரு வீட்டை இடித்தார்கள்.
மஞியோ மரச் சட்டங்களை
இரண்டு பெட்டி மட்டிக்கு மாற்றிக்கொண்டு வந்தேன்.
ஆணி பிடுங்கவே மூன்று ஞாயிறு.
தகரக் கூரையில் மழை
நான் சொன்ன கெட்ட வார்த்தைகளை
நேலிதாவுக்குக் கேட்காமல் செய்தது.

பாரம் திருகாணியின் கழுத்தில் இறங்கக்கூடாது.
மரத்தின் மேல் மரம் உட்கார வேண்டும்.
ஒவ்வொரு காலின் தலையிலும் பாதியைச் செதுக்கி
மேல்சட்டத்தை அந்தப் பள்ளத்தில் அமர்த்தினேன்.
பக்கவாட்டு ஆட்டத்துக்குக் குறுக்குச் சட்டம்,
முதுகுக்கு ஒட்டுப்பலகை.
பசை காயும்வரை பிடித்திருக்க
இறுக்கி கொண்டுவந்த ஃபெர்மின் கேட்டான்:
"இதன்மேல் பசுமாட்டையா ஏற்றப்போகிறாய்?"

தூக்கி வைத்தோம்.
ஆடியது.

மரத்தில் குற்றமில்லை.
அறுபதாம் ஆண்டு நிலம் புரண்டதிலிருந்து
இந்த வீடு ஆற்றைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது.
இங்கே பட்டாணி உருண்டால் ஜன்னலடியில்தான் தேட வேண்டும்.
கதவுகளுக்குத் தாமாகத் திறந்துகொள்ளும் பழக்கம்.
சூப்பைக் கிண்ணத்தின் ஒரு பக்கமாகவே
குடித்து வளர்ந்தவள் நேலிதா.
எனக்கும் பழகிவிட்டது.
தண்ணீருக்குப் பழகாது.

ஜன்னல் பக்கக் கால்களை அப்படியே விட்டு
அடுப்புப் பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர் அறுத்தேன்.
கொஞ்சம் கூடிப்போயிற்று. பட்டை கொடுத்தேன்.
மறுபடி ரசமட்டம். மறுபடி உப்புத்தாள்.
குமிழி இரண்டு கோட்டுக்கு நடுவே வந்து
மூச்சுப் பிடித்தாற்போல் நின்றது.

நேலிதாவின் தங்கை ஒத்தீலியா
கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:
"மச்சான், ஸ்டாண்டு கோணல்."
சுவரைப் பார், அலமாரியைப் பார், அப்புறம் அதைப் பார்:
கோணல்தான்.
இந்த வீட்டில் நேராக நிற்பது
அது ஒன்றுதானே.

ஆகஸ்டில் ஒரு விடிகாலை, மூன்றே முக்காலுக்கு,
முதலில் கோப்பைகள் பேசின.
விளக்கு தன் கயிற்றில் நடந்தது.
நாங்கள் வாசல் நிலையைப் பிடித்து நின்றோம்.
இருட்டில் தொட்டித் தண்ணீர்
ஒரு முனைக்கு ஏறி, மறுமுனைக்கு ஏறி,
மூடியின் இடுக்கில் ஒரு குவளை அளவு
தரையில் கொட்டியது.
ஸ்டாண்டு முனகவில்லை.
நேலிதா டார்ச் அடித்து எண்ணினாள்.
பதினொன்று.
மறுபடி எண்ணினாள்.
பன்னிரண்டாவது
வடிகட்டிக்குப் பின்னால் சிவப்பாக ஒளிந்திருந்தது.

வெளிச்சம் வந்ததும் ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழி ஒரு மயிரிழை விலகியிருந்தது.
வீடு இன்னும் கொஞ்சம் ஆற்றுக்குப் போயிருக்கிறது.
குனிந்து பார்த்தால்
ஜன்னல் பக்க இடது காலுக்கடியில்
காகிதம் நுழையும் இடைவெளி.

சட்டைப் பையில் அந்த ரசீது இருந்தது.
முதுகில் நூற்றுப் பதினைந்து,
முகத்தில் யாரோ வாங்கிய மெர்லூசா.
நாலாக மடித்தேன், நுழையவில்லை.
இரண்டாக மடித்துச் செருகிவிட்டுச்
சந்தைக்குக் கிளம்பினேன்.