பச்சை

நாமக்கல் கோழித் தீவனத்தில் கலக்கும்
வெள்ளைத் தூள் ஒன்று.
பிரியாணிக் கடைக்காரர் அண்டா விளக்கும்
எலுமிச்சை உப்பு இன்னொன்று.
கிண்டியில், மூன்றாம் மாடியில்,
மின்விசிறியை நிறுத்திவிட்டு
இரண்டையும் ஒரே குடுவையில் இட்டுச்
சூடேற்றிக் கிளறுகிறேன்.

தனித்தனியே என்றால்
இந்தச் சூட்டுக்கு அசையாதவை.
பக்கத்தில் பக்கத்தில் வந்ததும்
ஓரம் நனைகிறது, பிறகு நடு.
சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை.
உப்பும் உப்பும் உரசிக்கொண்டே
பாகாகிவிட்டன.

பச்சைக் கரைப்பான் என்று
திட்ட அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.
பாகுக்கோ நிறமே இல்லை.

"பச்சைன்னா எப்டிம்மா?
பச்சத்தண்ணி மாதிரியா,
பச்சப்பொய் மாதிரியா?"
கேட்டவர் தஸ்தகீர்.
ரிச்சி தெருவில் செத்த செல்போன் பேட்டரிகளை
எடைக்கு வாங்கி
எனக்கு மூட்டையாய்க் கொண்டுவருபவர்.
மாதவரம் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில்
பதினோரு வருஷம்
போர்டுகளை ஆசிட்டில் முக்கியவர்.
வலது கை மூன்று விரல்களில்
ரேகை இல்லை.
ரேஷன் கடை இயந்திரம்
அவரை அவரென்று ஒப்புக்கொள்வதில்லை.
பச்சைப் புண் என்ற சொல்லை
நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பேட்டரிக் கரியைப் பாகில் தூவினேன்.
ஒரு மணி நேரம். ஒன்றுமில்லை.
"நம்ம ஆசிட்டு இந்நேரம்
தின்னு ஏப்பம் உட்டிருக்கும்."
கீழே போய் டீ குடித்தோம்.
இரண்டாவது டீயும் குடித்தோம்.
தேன்போல் கனத்தது, மெதுவாய்த்தான் தின்னும்
என்று யாருக்கோ வக்காலத்து வாங்குவதுபோல்
சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்கு
மயில்கழுத்து நீலம்.
கோபால்ட்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டார்.

அன்றிரவு மழை.
மூடியைச் சரியாகத் திருகாமல்
வீட்டுக்குப் போனவள் நான்தான்.
காலையில் குடுவைக்குள்
ரோஸ் மில்க் நிறம்.
இந்த ஊர்க் காற்றைக் குடித்தே
பாகு வெளுத்திருந்தது.
ஐப்பசிச் சென்னையில் எது உலர்ந்திருக்கும்,
பீரோவுக்குள் துணியே ஈரம்.

"கெட்டுப்போச்சா?"
அடுப்பில் ஏற்றினேன்.
ஈரம் போகப் போக
சிவப்பு மங்கி, ஊதா கூடி,
நேற்றைய நீலம் திரும்பி வந்தது.
"இன்னொரு வாட்டி பண்ணுங்க"
என்றார், ஐம்பத்து நான்கு வயதுக்காரர்.
இன்னொரு வாட்டி செய்தேன்.
அறிக்கைக்கு அது தேவையில்லாதது.

பிறகு வீழ்படிவாக்கி, வடிகட்டி, உலர்த்தி
தராசில் வைத்தது
பூஜ்யம் புள்ளி நாலு ஒன்று கிராம்.
இளஞ்சிவப்புப் பொடி.
"ஒரு மூக்குத்திக்கு ஆவுமா?"
சிரித்தோம்.
புகை இல்லை, இருமல் இல்லை,
சன்னல் திறந்திருந்ததுகூட
மழையைப் பார்க்கத்தான்.

மிச்சப் பாகை
மறுபடி பயன்படுத்தலாம் என்றேன்.
எத்தனை தடவை?
ஐந்து. ஆறாவதில் தளர்ந்துவிடும்.
"அப்புறம் எங்கம்மா ஊத்துவீங்க?"

கால்வாய் தெரிந்தவரின் கேள்வி.
பின்சுவருக்கு அப்பால்
எந்த நிறத்தில் எது ஓடும் என்று
பதினோரு வருஷம் பார்த்தவரின் கேள்வி.
மக்கும் என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது.
எத்தனை நாளில், எந்த மண்ணில்,
உள்ளே ஒளிந்திருக்கும் உலோகத்தோடு
மக்குமா என்று
எதிலும் நான் படித்ததில்லை.

சாக்கை உதறி மடித்துக்கொண்டு
பறக்கும் ரயில் பிடிக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள்
துறைத் தலைவரின் பச்சை மை
அறிக்கையில் விழ வேண்டும்.
பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்.
அவர் சொன்னபடியே,
'ஊத்துவீங்க' என்பதைத் திருத்தாமல்.

மூலையில் தளர்ந்த பாகு
ஐந்து லிட்டர் கேனில் நிற்கிறது.
மூடியை
இரண்டு முறை இறுக்கிப் பார்த்தேன்.