நீரளவுப் பலகை

வரைபடத்தில் இன்னும் நீலம்தான்.
மெரெரிட் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
நீர்த்தேக்கத்தின் நட்டநடுவில்
ஒரு புள்ளியாக நாங்கள் நால்வரும்.
காலடியில் சேறுகூட இல்லை.
நாற்பது ஆண்டுகளுக்கு முன் மதகைத் திறந்தவர்கள்
மூட வரவேயில்லை.
வில்லோவும் பிர்ச்சும் தோளை இடித்துக்கொண்டு நிற்கின்றன,
வராத பேருந்துக்கு நிற்பதுபோல.

மதகுக் கோபுரத்தின் கதவிடுக்கில்
ஓர் ஐவிக்கொடி உள்ளே போயிருக்கிறது,
வீட்டுக்காரரைப் போல, தட்டாமல்.
'ஆழம் அதிகம். நீந்தாதீர்' என்று
முதலில் வெல்ஷிலும் பிறகு ஆங்கிலத்திலும்
எச்சரிக்கும் தகட்டுக்குக் கீழே
நரியின் விட்டை; அதில் செர்ரிக் கொட்டைகள்.
மாக்சன் எண்ணுகிறான். பதினொன்று.
நம்பாமல் மறுபடி எண்ணுகிறான்.

ஆரஞ்சு நிறக் காளான் ஒன்றைக் காட்டி
இதன் பெயர் என்னவாக இருக்கும் என்கிறேன்.
"எங்க அப்பாவுக்குத் தெரியும்" என்கிறாள் டெஸ்னி,
கோபமில்லாமல்,
வானிலை சொல்வதுபோல.
மெரெரிட் ஃபிளாஸ்க்கைத் திறக்கிறாள். மூடுகிறாள்.
இவர்களோடு எனக்கு இது
ஐந்தாவது ஞாயிறு.

பிறகு, முட்புதருக்குள்,
வெள்ளை எனாமல் உதிர்ந்த இரும்புப் பலகை.
தண்ணீரை அளக்க நட்டது.
ஒன்று, இரண்டு, மூன்று என்று அடிக்கணக்கு மேலேறி
பதினெட்டில் இலைகளுக்குள் மறைகிறது.
முதுகை ஒட்டி நிற்கிறாள் டெஸ்னி: நாலரை.
மாக்சன் மூன்றே கால்,
குதித்தால் நான்கு.
"அப்படின்னா நாம எல்லாருமே
இப்ப முங்கிப் போயிருக்கோம்."

அவள் சொன்னதும் மூச்சைப் பிடிக்கிறோம்,
கன்னம் உப்ப,
பெரியவர்களும்தான், வேறு வழியில்லை.
தலைக்கு மேல் வெகு உயரத்தில்
ஒரு மரங்கொத்தி
தண்ணீரின் கூரையைத் தட்டுகிறது.
முதலில் தோற்பவன் மாக்சன்.
குமிழி குமிழியாகச் சிரிப்பு.

"நீங்களும் நில்லுங்க, ஹியூ. எக்கக் கூடாது."

நிற்கிறேன். முதுகில் இரும்பின் குளிர்.
கூழாங்கல்லால் கீறுகிறாள் ஒரு கோடு:
ஐந்தே முக்கால்.
நான் ஆறடி.
மூன்று அங்குலம் குறைத்துத்தான் சேர்த்திருக்கிறாள்.
திருத்தவில்லை.

கரையேறும்போது மெரெரிட்
கூந்தலை முன்னால் இழுத்துப்போட்டு
இரண்டு கையாலும் பிழிகிறாள்.
ஒரு சொட்டும் விழவில்லை.
நாங்கள் மூவரும்
தள்ளி நின்றுகொண்டோம், நனையாமல்.