காலி எடை

கொஸ்தனாய்க்கு வடக்கே
தண்டவாளம் முடிகிற இடத்தில் தானியக் கிடங்கு.
அதன் வாசலில் லாரிகளுக்கான எடைமேடை.
மேடைக்குப் பக்கத்தில் தகரக் கூண்டு,
கூண்டுக்குள் நான்.
அறுவடை நாளில் லாரிக்கும் லாரிக்கும் நடுவே
ஆறு நிமிடம் கிடைக்கும்.
மழை வந்தால் அரைநாள்.

அந்த ஆறு நிமிடங்களில்தான்
ரோமானியரின் சொத்துச் சட்டம் படித்தேன்.
சில நண்டுகளுக்கு ரத்தம் நீலம் என்று படித்தேன்.
பாறை எப்படி மடியும் என்று காட்ட
ஒரு பேராசிரியர் தன் கழுத்துத் துண்டை மடித்தார்.
பாதி மடிப்பில் ஹாரன் அடித்தது.
இரண்டு நாள் கழித்துத்தான்
அவர் கையைக் கீழே இறக்கினார், பாவம்.

காதில் ஆங்கிலம், படத்துக்கடியில் ருஷ்ய எழுத்து,
தலைக்குள் போய்ச் சேரும்போது கசாக்.
எது முன், எது பின் என்று சொல்ல ஆளில்லை.
பசியோடு அடுக்களையில் நுழைந்தவள்போல்
கைக்கு எட்டிய மூடியையெல்லாம் திறந்தேன்.
நுண்கணிதத்தில் இரண்டாம் பாகத்தை முதலில் பார்த்துவிட்டேன்.
கட்டணம் என்ற கட்டத்தில் பூஜ்யம்.
வெகுநாள் நம்பவில்லை. எங்கள் கிடங்கில்
பூஜ்யம் என்றால்
இன்னும் எழுதி முடிக்காத தொகை.

பெக்பொலாத் கண்ணாடியை இறக்கிக் கேட்பான்:
"ஜானில், இன்றைக்கு யார் நீ? டாக்டரா, வக்கீலா?"
"நிலநடுக்கம்" என்பேன்.
"எத்தனை டன்?" என்பான்.

மூன்றாவது இலையுதிர்காலத்தில் புள்ளியியல் வந்தது.
நடத்திய பெண் இருமிக்கொண்டே இருந்தாள்.
அவள் ஜன்னலுக்கு வெளியே
நான் கேட்டேயிராத ஒரு பறவை.
"ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப நிறுத்துப் பாருங்கள்" என்றாள்.
"எண்கள் சிதறும். சிதறட்டும்.
எல்லாம் ஒரே பக்கமாய்ச் சாய்ந்தால் மட்டும்
எழுந்து உட்காருங்கள்."

என்னிடம் ஒரே பொருள் இருந்தது:
மூன்று வருடப் பதிவேட்டில், அதே லாரி, காலியாக.
மணிவாரியாகப் பிரித்தேன்.
விடியலில் ஓர் எடை.
வெயில் ஏறியபின் நாற்பது கிலோ கூட.
எல்லா லாரியும், எல்லா வருடமும்.

நிறைவண்டியைக் குளிரில் நிறுக்கிறோம்.
கோதுமையைக் கொட்டிவிட்டுத் திரும்புகையில் உச்சிவேளை.
காலி எடை கூடினால் கழிவு கூடும்.
லோடுக்கு ஒரு மூட்டை காற்றோடு போய்க்கொண்டிருந்தது.
யாரும் திருடவில்லை.
வெயிலில் இரும்பு
கொஞ்சம் பொய் சொல்லியிருக்கிறது.
அதைப் பதினொரு வருடமாய்
என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.

மேலாளர் துலேகென் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கணக்கு பிழை என்று சொல்லவில்லை.
"சான்றிதழ் இருக்கிறதா?" என்றார்.

பாடம் இலவசம். சான்றிதழுக்குத்தான் விலை.
அரை மாதச் சம்பளம்.
அந்த மாதம் மகனுக்குக் காலணி வாங்கியிருந்தோம்.

கருவியின் ஓரத்தில் ஒரு பொத்தான் உண்டு, தேய்ந்தது:
பூஜ்யம்.
காலையில் ஒருமுறை அழுத்தினால் போதும் என்கிறது கையேடு.
எத்தனை முறைக்கு மேல் கூடாது என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை. தேடிவிட்டேன்.
மேடை வெறுமையாகும் ஒவ்வொரு முறையும்
இப்போது விரல் அங்கே போகிறது.

"என் வண்டி இளைத்துவிட்டதா?"
சீட்டைப் பார்த்து பெக்பொலாத் கேட்டான்.
"அதற்கு வயதாகிறது" என்றேன்.
அவன் சீட்டை மடித்து, பிரித்து,
மறுபடி மடித்துப் பையில் வைத்தான்.
நன்றி சொல்லவில்லை. எதற்கென்று அவனுக்குத் தெரியாது.
இருமுகிற அந்தப் பெண்ணுக்கும்
கோதுமை பற்றி ஒன்றும் தெரியாது.

இன்று நுண்கணிதம், முதல் பாகம்.
'எல்லை' என்றால் என்ன என்று தொடங்குகிறது:
நெருங்கலாம், நெருங்கிக்கொண்டே இருக்கலாம்.
புழுதிக்குள் அடுத்த லாரி.
எண் இன்னும் தெரியவில்லை.