எட்டு அறுபது

படிவம் கேட்கிறது:
எந்தத் தொகைக்குக் கீழே போனால் கொடுக்கமாட்டீர்கள்?
கேட்பவர் கண்ணுக்கு இது தெரியாது, தயங்காமல் எழுதுங்கள்.

மாட்டுச் சந்தையில் துண்டைப் போர்த்தி
உள்ளே விரல் பிடித்துப் பேசுவார்களே, அதேதான்.
துண்டு இப்போது பெங்களூரில் இருக்கிறது.

ஐம்பத்து நாலாம் வருஷத்து டாட்ஜ்.
கண்டனூர் வீட்டுப் பின்வாசலுக்கு வந்து சேர்ந்தது,
யாரும் போய் வாங்கியதில்லை.
தேவகோட்டை அரிசி மில்காரர் கடனுக்கு ஈடாக விட்டுப் போனார்.
பேரேட்டில் இருக்கிறது:
மோட்டார் ஒன்று, ஸ்டெப்னி இல்லாமல், ரூ. 6,400.

அப்பச்சியின் உயிலில்
வீடு பையன்களுக்கு, கார் நாலு பேருக்கும்.
அறுபத்தெட்டு ஜன்னலில் எனக்கு ஒன்றும் கிடையாது.
கார்க் கண்ணாடி ஆறில் ஒன்றரை உண்டு.

படிவம் என் கைக்கு வந்தது,
சும்மா இருப்பவள் நான்தானாம்.

கிள்ளானிலிருந்து வயிரவண்ணன்:
பதினைந்துக்குக் கீழே வைக்காதே.
பிள்ளையார் நோன்பு ஏலத்தில்
ஓர் உப்புப் பொட்டலத்தை மூவாயிரம் வெள்ளிக்கு எடுத்தவர்.
ஏலம் என்று காதில் விழுந்தால் கை தானாக மேலே போகும்.
கோயம்புத்தூரிலிருந்து மெய்யம்மை அக்கா:
வந்த விலைக்குத் தள்ளு,
சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருக்கு என்றாயே.
தம்பி சாத்தப்பன் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான்.
எதற்கு என்று கேட்டேன்.
இன்னொரு கட்டைவிரல்.

காரைக்குடிப் பட்டறை ஜபருல்லா வந்து
பானெட்டுக்குள் தலையை விட்டபடியே சொன்னார்:
"இன்ஜின் பிடிக்கும் ஆச்சி.
மூணாவது கியர்தான் முரண்டு பண்ணும்.
ஏழு சொல்லலாம். எட்டுன்னு ஒருத்தன் வந்தா
காபி குடுத்து உக்கார வைங்க."

நான் எழுதியது எட்டு லட்சத்து அறுபதாயிரம்.

கைப்பையில் ஒரு சீட்டு இருக்கிறது,
பல் டாக்டர் தமயந்தி எழுதிக் கொடுத்தது.
கீழ்வரிசை, திருகு வைத்து, ஆறு பல்:
இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம்.
நாலால் பெருக்கினேன்.
என் சந்தை ஆராய்ச்சி அவ்வளவுதான்.

ஏலம் ஏழு நாள்.
நாலரையில் மூன்று நாள் படுத்துக் கிடந்தது.
புதுக்கோட்டை ஆள் ஒருவர்
அடிச்சட்டத்துத் துருவைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்.
அனுப்பினேன். அப்புறம் பேச்சில்லை.

கடைசி நாள் ராத்திரி பத்து மணிக்கு முடிவு.
ஒன்பதேகாலுக்கு ஏழு லட்சம்.
கீழே சிவப்பில் ஒரு வரி: ரிசர்வ் விலையை எட்டவில்லை.
பக்கத்திலேயே ஒரு பொத்தான்: குறைக்கிறீர்களா?
நாக்கு போய் ஈறைத் தடவிப் பார்த்தது.
குறைக்கவில்லை.

பத்துக்கு ஆறு நிமிஷம்,
நாகலிங்கம்77 என்று ஒரு புதுப்பேர்.
ஏழரை.
வேறு யாரோ ஏழே முக்கால்.
நாகலிங்கம் எட்டு.
மற்றவர் எட்டு நாற்பது.
நாகலிங்கம் எட்டு அறுபத்தைந்து.

சிவப்பு பச்சையானது.
எதிராளி வரவில்லை.
கடிகாரம் ஓடி முடிந்தது. விற்றாயிற்று.

உடனே போன்.
கிள்ளானில் அப்போது மணி பன்னிரண்டரை.
"நாச்சம்மை, ஒரு தப்பு நடந்துபோச்சு.
சும்மா ஏத்திவிடலாம்னுதான் வேற பேர்ல கேட்டேன்.
பதினைஞ்சு வச்சிருப்பேன்னு நெனச்சு
தைரியமா கேட்டேனே..."

பெங்களூரிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது:
வாழ்த்துகள், பத்து நாளுக்குள் பணம்,
கமிஷன் தனி, கேட்ட கேள்வியைத் திரும்பப் பெற இயலாது.

அவருடைய கால் பங்கை
அவரே அவருக்குக் கொடுத்துக்கொள்ளட்டும்.
கார் நின்ற இடத்தில் நிற்கிறது,
எலிக்கு இன்னும் யாரும் நோட்டீஸ் தரவில்லை.

"எவ்வளவுதான் வச்சிருந்தே, அதையாவது சொல்லு."

நான் வாயைத் திறக்கவில்லை.
என் பேங்க் கணக்கு எண்ணை அனுப்பினேன்.
ஜபருல்லா சொன்னபடி காபி போட்டேன்,
உட்கார வைக்க ஆள் இல்லாததால்
நானே குடித்தேன்,
கொஞ்சம் ஆறவிட்டு, வலது பக்கமாக.