பெட்டிக்கு ஒரு வரி

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறை;
பல்கலைக்கழகம் வாடகைக்கு எடுத்த வெக்கை.
கீழே டயர் கடை.
கண்டெய்னர் லாரி திரும்பும்போதெல்லாம்
இரும்பு அலமாரி ஒரு நூல் நகரும்.

பெட்டிகள் நானூற்றுப் பதினேழு.
ஆட்கள் இரண்டரை:
நான், ஹபீபுன்னிசா,
செவ்வாய் வெள்ளி மட்டும் வரும் யோவேல்.
ஸ்கேனர் ஒன்று, அதுவும் வரலாற்றுத் துறையிடம் இரவல்.
நாலு மணிக்கு ஆட்டோ ஏறிவிடும்.
பணம் மார்ச் முப்பத்தொன்று வரை.

ஹபீபுன்னிசா கால்குலேட்டரைத் தட்டினாள்.
ஒரு நாளைக்கு இருநூறு பக்கம்,
பண்டிகை, கரண்ட் கட், என் சைனஸ் எல்லாம் கழித்து
"பதினோரு வருஷம் மூணு மாசம்."
அந்த மூன்று மாதத்துக்குத்தான் சிரித்தோம்.

ஒருங்கிணைப்பாளர் போனில் சொன்னார்:
முக்கியமானதை மட்டும் எடுங்க.
எந்தப் பெட்டியின் மேலும் அப்படி எழுதியிருக்கவில்லை.
மேலே இருந்தது கரி,
இந்தப் பக்கத்துக் காற்று கொண்டுவந்து போடுவது.
உள்ளே, கரி இறக்கியவர்களின் கூலிப் பதிவேடு.
பெயின்ட் பிரஷால் தட்டி
துணியில் வாங்கி
துணியை மாடிக் குழாயில் அலசுவோம்,
தண்ணீர் வந்தால்.

ஜனவரியில் முடிவெடுத்தோம்.
ஸ்கேன் வேண்டாம். பிரிக்க வேண்டாம்.
துருப்பிடித்த குண்டூசியைக்கூட உருவ வேண்டாம்.
பெட்டிக்கு ஒரு வரி.
ஆயிரத்தைந்நூறு தாளை ஒரு வரியில் மடிப்பது
முதல் நாள் பாவம் மாதிரி இருந்தது.
மூன்றாம் நாள் கை வேகம் பிடித்தது,
அது இன்னும் பாவம்.

1958. கரி, இரவு ஷிஃப்ட். கறையான்.
1961. விபத்து விடுப்பு. ஈரத்தில் ஒட்டியிருக்கிறது.
1964. கைநாட்டு மட்டும்.

பிப்ரவரியில் காசிமேட்டிலிருந்து மங்களாவதி வந்தார்.
"எங்கப்பா வின்ச்சுல மாட்டிக்கினு கை போச்சு.
அறுபத்தொண்ணோ ரெண்டோ.
பேரு துரைக்கண்ணு. கீதா பாரு."

ஒரு வரி இருந்ததால்தான் எந்தப் பெட்டி என்று தெரிந்தது.
ஒரு வரி மட்டும் இருந்ததால்
ஸ்கேலை நுழைத்து நுழைத்து
அன்று முழுக்கப் பிரித்தோம்.
எட்டுப் பெட்டிகள் வரிசையில் நின்றன.

மூன்று துரைக்கண்ணுகள் கிடைத்தார்கள்.
ஒருவருக்குக் கால். ஒருவருக்குக் காய்ச்சல்.
மூன்றாவது தாள் பாதி கரைந்திருந்தது,
பேர் இருந்தது, காரணம் இல்லை.
மங்களாவதி மூன்றையும் செல்போனில் எடுத்துக்கொண்டார்.
"எவுரா இருந்தா இன்னா, மூணு பேருமே
மூட்ட தூக்கனவங்கதானே."
போகும்போது எங்கள் மின்விசிறியைப் பார்த்து
"எண்ணெ போடுங்க" என்றார்.

இறுதி அறிக்கையில் ஒரு கட்டம்: நாள்வாரி முடித்த பெட்டிகள்.
அன்றைய தேதிக்கு நேரே பூஜ்யம்.
ரெண்டு ரெண்டாப் பிரிச்சுப் போட்டுடவா என்றான் யோவேல்.
ஹபீபுன்னிசா அவன் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினாள்.

மார்ச் முப்பத்தொன்று, சாயங்காலம்.
முந்நூற்றுத் தொண்ணூற்று நாலு வரிகள்.
மிச்சத்துக்கு எல்லாம் சேர்த்து ஒன்று எழுதினேன்:

இருபத்து மூன்று பெட்டிகள். திறக்கவில்லை.
இருக்கின்றன.
சாவி டயர் கடையில்.