ஓடுதா, நிக்குதா

முதலில் வெள்ளிக் கொலுசு.
பிறகு கிளிப் இரண்டு, காதுப்பூ.
கழுத்தில் கிடந்த இஸ்முக்கூட்டுக்கு வந்ததும்
தாய் என்னைப் பார்த்தா.
"உள்ளுக்குக் காந்தம், ராத்தா. இழுத்துப்போடும்."
முடிச்சு அவிழவில்லை. பல்லால் நூலைக் கடித்தா.
பொத்திய கைக்குள் போனது கூடு.

ஹுமைறா, ஏழு வயது, சம்மாந்துறை.
இடது கன்னத்தில் நாவற்பழ நிறத்தில் ஒரு மெத்து.
துண்டில் எழுதியிருந்தது: குனிந்தால் வீங்கும்.
தகப்பன் சொன்னார்:
"சுஜூதுக்குப் போனா நிறையுது, எழும்பினா வத்துது."
வயிற்றில் இருக்கையில் கிரகணம் பார்த்த பிழை என்று
யாரோ சொல்லி, தாய் சுமக்கும் பழிக்கு
இந்தப் படிவத்தில் இடமில்லை.

"அசையாமக் கிடப்பியா, புள்ள?"
"மில்லுக்குள்ள நெல்லு மூட்டைக்கு மேல
நித்திர கொண்டிருக்கன்."

கண்ணாடிக்கு இப்பால் நான்.
மட்டக்களப்பு வெயில் நுழையாத குளிர்.
இயந்திரம் தட்டுது, நிறுத்துது,
வேறு தாளத்தில் தட்டுது.
அவள் ஒருதரம் எச்சில் விழுங்கியது
படத்தில் சிறு கலங்கலாய் விழுந்தது.

வேகமாய் ஓடும் இரத்தம் இதில் கறுப்பு.
படம் பிடிக்குமுன் ஓடிப்போய்விடும்.
மெதுவாய்க் கிடப்பது வெள்ளை.
கறுப்புப் புழுக்களாய் நெளிந்தால்
வைத்தியம் வேறு, பயம் வேறு,
கொழும்புக்கு இரவு பஸ்.
காதடி தொடங்கித் தாடை வரைக்கும்
துண்டு துண்டாய் நான் கறுப்பைத் தேடினேன்.

வெள்ளை.
கொத்துக் கொத்தாய் வெள்ளை.
நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.
மூச்சை நிறுத்தி அடுத்த துண்டுக்குப் போனேன்.
தொடரவில்லை. வட்டமாய், மிளகளவு.
உறைந்து கல்லான இரத்தம்.

சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
அறிக்கை புதன்கிழமை.

வாசலில் தகப்பன். வட்டவிதானை.
நகக்கண்ணில் வயல் இன்னும் காயவில்லை.
"படம் எனக்கு விளங்காது, மிஸ்.
ஒண்டு மட்டும். ஓடுற தண்ணியா, நிக்கிற தண்ணியா?"
சத்திரசிகிச்சை டொக்டரின் கடிதமும்
இதைத்தான் கேட்டிருந்தது,
இங்கிலீசில், அரைப் பக்கம்.

"புதன்கிழமை டொக்டர் சொல்லுவார்."
அவர் என் வாயைக் கவனிக்கவில்லை.
வரம்பில் நின்று மட்டம் பார்க்கிறவர்போல
முகத்தைப் பார்த்தார்.
"சரி," என்றார். "நிக்கிற தண்ணிக்கு அவசரமில்ல."

ஹுமைறா செருப்பு மாட்டக் குனிந்தாள்.
கன்னம் மெல்ல நிறைந்தது.
தாய் இஸ்முக்கூட்டைத் திரும்பக் கட்டப் பார்த்தா,
கடித்த நூல்
கழுத்தைச் சுற்றி எட்டவில்லை.