எண்ணூறு

லெஃப்சா நோய்நொடி இல்லாமல் இருந்த மார்ச் மாதத்தில்
அவன் விலையை முடிவு செய்தோம்.
சமையலறை மேசையில் நானும் டுவேனும்.
வெளியே பனி இன்னும் முழங்கால் அளவு.
காஸ் பில், டிரக்கின் பின் டயர்,
டுவேனின் கடைவாய்ப் பல்,
எல்லாம் கூட்டிக் கழித்தபின்
"இவனுக்கு ஏதாவது ஆனால் எவ்வளவு வரை?" என்றார்.
கேள்விக்கு உரியவன் மேசைக்கடியில்
என் காலுறையை நக்கிக்கொண்டிருந்தான்.
எண்ணூறு டாலர், என்றேன்.
எண்ணூறு, என்றார்.
நாள்காட்டியின் ஓரத்தில் எழுதிவைத்தேன்,
பென்சிலால்.

லெஃப்சா என்பது எங்கள் பக்கத்து உருளைக்கிழங்கு ரொட்டி.
வெளுத்த உடம்பு, அங்கங்கே கல்லில் சுட்ட பழுப்பு.
அப்படியே இவன்.
தானியக் கிடங்கின் வாசலில் கிடைத்தான், இனாமாக.
இனாம் என்று நம்பினோம்.

ஊரில் இருந்த ஒரே டாக்டர் கடையைக் கட்டிக்கொண்டு
அரிசோனா வெயிலுக்குப் போய்விட்டார்.
பீட் சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து
பூட்ஸைக் கூடக் கழற்றாமல் போன் செய்தேன்.
ஒரு இடத்தில் புதியவர்களை எடுப்பதில்லை.
ஒரு இடத்தில் ஆகஸ்டில் பார்க்கலாம்; அப்போது ஏப்ரல்.
கிராஃப்டனில் சாக்ஸபோன் மட்டும் வாசித்தது,
பத்தொன்பது நிமிடம்.
அடுத்த பெண் இரக்கப்பட்டுச் சொன்னாள்,
"பூனையாக இருந்தால் சேர்த்துக்கொள்வோம்."
லெஃப்சாவைத் திரும்பிப் பார்த்தேன்.
ஒரு கணம் யோசிக்கத்தான் செய்தேன்.

கடைசியில் கிடைத்தவள் ரெனே பியோர்கார்ட், மாட்டு டாக்டர்.
பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே மாடுகளுக்கு.
தோள்வரை ஏறும் கையுறையும் சாண வாடையுமாக வந்து
டிரக்கின் பின்கதவை இறக்கி, அதையே மேசையாக்கி
அவனைப் படுக்கவைத்தாள்.
"இவ்வளவு சின்ன உருப்படியைத் தொட்டு வெகுநாள் ஆச்சு."
தடுப்பூசிக்கு இருபத்திரண்டு டாலர்.
சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னாள்:
"மாசாமாசம் ஏதாவது ஒதுக்கி வை, மார்லிஸ்.
காப்பீடு கட்ட முடியாவிட்டால் ஒரு காபி டப்பா.
நாய் சம்பள நாள் பார்த்து நோவில் விழாது."
சரி என்றேன்.
டப்பாவைக் கழுவிக்கூட வைத்தேன்.
அவ்வளவுதான்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை சோளம் அவித்தோம்.
தின்று போட்ட கட்டைகளில் ஒன்று குறைந்ததை
யார் எண்ணினார்கள்?
திங்கள் காலை மூன்று முறை வாந்தி.
மாலையில் வெறும் நுரை.
ரெனே வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், கையை எடுத்துக்கொண்டாள்.
"இது என்னால் ஆகாது. ஃபார்கோவுக்குப் போங்கள். இப்பவே."

பீட் லாரிகளின் பின்னால் தொண்ணூறு மைல்.
என் மடியில் அவன் தலை, சூடாக.

மதிப்பீட்டுத் தாளில் இரண்டு எண்கள்.
நல்லபடியாக நடந்தால் மூவாயிரத்து நூறு.
இல்லையென்றால் நாலாயிரத்து அறுநூறு.
கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.
சங்கிலியில் கட்டிய பேனா.
டுவேன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
திரும்பவும் படித்தார்.
எண் அப்படியேதான் இருந்தது.
எண்ணூறு என்ற சொல் எங்கள் இருவருக்கும் நடுவில்
அந்தப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.
யாரும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.
"பல் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்," என்றார்.
பேனாவுக்காகக் கை நீட்டினார்.
சங்கிலி குட்டை. குனிந்துதான் எழுத வேண்டியிருந்தது.

பதினெட்டு மாதத் தவணை.
இப்போது வெள்ளிக்கிழமைதோறும்
காபி டப்பாவில் பதினைந்து டாலர் விழுகிறது.
சில வெள்ளிகளில் ஒன்பது.
நாள்காட்டியின் ஓரத்தை அழித்துவிட்டேன்.
அழுத்தி எழுதியிருக்கிறேன் போல,
விளக்கருகே சாய்த்தால் இன்னும் பள்ளமாகத் தெரிகிறது.

டுவேன் இடப்பக்கமாகவே மென்று சாப்பிடுகிறார்.
வாயிலிருந்து கொஞ்சம் சிந்துகிறது.
மேசைக்கடியில் ஒருவன்
அதற்காகவே காத்திருக்கிறான்.